மூன்றாம் நம்பர் புளோவர்

கவரைப்பேட்டை,
அக்டோபர் 12, ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள பிரின்சிக்கு நைனா எழுதிக்கொள்வது. மாதாவின் தயவில் நானும் உன் அம்மாவும் இங்கே மூன்று வேளையும் சாப்பிட்டு நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதுபோல நீயும் அந்தக் குளிர் தேசத்தில் சளி காய்ச்சல் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும் என்பதுதான் காலையும் மாலையும் எங்கள் வேண்டுதல். அம்மாவுக்கு முழங்கால் வலி போன மாதத்துக்கு இப்போது பரவாயில்லை. தேர்வாய் கண்டிகையில் அவள் பேக்கிங் வேலை பார்க்கும் கம்பெனியில் வாரத்துக்கு நான்கு நாள்தான் பஸ் அனுப்புகிறார்கள், ஆர்டர் இல்லையாம், அதனால் காலுக்கு ஓய்வு கிடைத்தது என்று அவளே சிரித்துக்கொண்டு சொல்கிறாள். சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை. நம் தெருவில் வடநாட்டுத் தொழிலாளர்கள் தங்கியிருந்த ஐந்து ரூமும் காலி, வீட்டுக்காரர்கள் டு-லெட் போர்டு மாட்டி வாடகையைக் குறைத்தும் ஆள் வரவில்லை. நான் வேலை பார்த்த பிளான்ட்டில் மூன்றாவது ஷிஃப்டை எடுத்துவிட்டார்கள். காலை ஏழு மணிக்குக் கும்மிடிப்பூண்டி லோக்கல் டிரெயினில் உட்கார இடம் கிடைக்கிறது என்றால் நிலைமையை நீயே புரிந்துகொள்.

போன் இருக்கும்போது இவர் எதற்குப் பேனாவைத் தூக்கினார் என்று நினைப்பாய். இந்தக் கவரில் ஒரு பேங்க் ஃபாரம் வைத்திருக்கிறேன், அதில் உன் கையெழுத்து வேண்டும். நீ காலேஜ் சேர்ந்தபோது ஸ்காலர்ஷிப்புக்காக நம் இருவர் பெயரிலும் திறந்த கணக்கில்தான் என் ரிட்டயர்மென்ட் பணம் வந்தது, டெபாசிட்டும் இரண்டு பேர் பெயரில்தான் இருக்கிறது, அதில் பாதியை உடைக்க நான் மட்டும் கையெழுத்துப் போட்டால் நடக்காது. போன ஞாயிறு பூமிகாவின் கம்பெனியில் நான்கு லட்சம் போடப் போகிறேன் என்று சொன்னதும் நீ போனில் கத்தினாய். மார்க்கெட் விழுந்துகினு இருக்கும்போது எவனாவது போயி சின்ன கம்பெனில டப்பு போடுவானா நைனா, உனுக்கு இன்னா ஆச்சி என்று கேட்டாய். உன் கோபம் நியாயமான கோபம். உன்னையே அப்படி ஒரு கம்பெனி நடுத்தெருவில் நிற்க வைத்தது, இப்போது மருந்துக் கடையில் சரக்கு அடுக்குகிறாய், மார்ச்சோடு விசாவும் முடிகிறது, ஒருவேளை நீ திரும்பி வர வேண்டி வந்தால் இந்தப் பணம்தான் உனக்குத் தரை. அது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துகொண்டே கேட்கிறேன் என்றால் அதற்கு ஒரு காரணம் உண்டு, அந்தக் காரணத்தைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன் அம்மாவுக்கே போன மாதம்தான் சொன்னேன். உட்கார்ந்து நிதானமாகப் படி.

பூமிகாவை உனக்குப் பெயரளவில்தான் தெரியும். திருவாலங்காட்டுப் பக்கம் நெல் வயல் வைத்திருக்கும் குடும்பம், உன்னைவிட ஒரு வயது சின்னவள். திருவள்ளூரில் இன்ஜினீயரிங் படித்து, சென்னையில் நல்ல சம்பளத்தில் இருந்து, அதை விட்டுவிட்டு தேர்வாய் கண்டிகை ரோட்டில் தகர ஷெட் ஒன்றை வாடகைக்குப் பிடித்து ஐந்து பேரோடு கம்பெனி ஆரம்பித்தாள். அவர்கள் செய்வது தீப்பெட்டி அளவு ஒரு டப்பா. அடியில் காந்தம் இருக்கும், ஓடுகிற மோட்டார் மேல் ஒட்டிவிட்டால் மோட்டாரின் நடுக்கத்தை ராப்பகலாக அளந்து கம்ப்யூட்டருக்கு அனுப்பும், எந்த பேரிங் எத்தனை நாளில் போகும் என்று முன்கூட்டியே சொல்லும். நான் முப்பத்தோரு வருஷமாக நீள ஸ்க்ரூடிரைவரை மோட்டார் மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டுச் செய்த வேலையைத்தான் அந்த டப்பா செய்கிறது. முதலில் எனக்குக் கேலியாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. ஜனவரியில் எங்கள் பிளான்ட்டில் எட்டு மோட்டாரில் அதை ஒட்டி ஆறு வாரம் பரிசோதனை என்று ஏற்பாடு. டப்பா என்ன சொல்கிறது என்பது மெயின்டனன்ஸ் ஆட்களுக்குத் தெரியக் கூடாது, அவள் கவரில் போட்டு ஒட்டி எங்கள் இன்சார்ஜ் பரசுராமனிடம் கொடுத்துவிடுவாள், கடைசி நாள் பெங்களூரிலிருந்து பணம் போடுகிறவர்கள் வந்து பார்க்கும்போது கவரைப் பிரிப்பது. எங்களுக்குச் சொன்னது ஒன்றுதான், வழக்கமான வேலையைச் செய்யுங்கள், எதை மாற்றினாலும் ரிஜிஸ்டரில் எழுதுங்கள். அந்த ஆறு வாரமும் அவள் கேன்டீனில் எங்களோடுதான் சாப்பிட்டாள். நீ டப்ளினில் இருக்கிறாய், எனக்கு இன்னும் நான்கு மாத சர்வீஸ்தான் பாக்கி என்பதெல்லாம் அங்கே பேசிக்கொண்டதுதான்.

எங்களைப் போன்ற பழைய ஃபிட்டர்களிடம் ஒரு பழக்கம் உண்டு, உனக்குத் தெரியாது. எங்காவது நல்ல ஸ்பேர் மிஞ்சினால் ஸ்டோருக்குத் திருப்பித் தரமாட்டோம். லாக்கரில் பேப்பர் சுற்றி வைத்துக்கொள்வோம். திருட்டு என்று நினைக்காதே, ஒரு பைசாவுக்கு வெளியே விற்றதில்லை. ஸ்டோரில் இன்டென்ட் எழுதிக் கேட்டால் சாமான் வர மூன்று நாள் ஆகும், மிஷின் மூன்று நாள் பொறுக்காது, அதற்காக வைத்துக்கொள்வது. போன வருஷக் கடைசியிலிருந்து ஆர்டர் குறைய ஆரம்பித்ததும் மேனேஜர் சர்க்குலர் போட்டார், அனுமதி இல்லாமல் ஒரு நட்டுகூட மாற்றக் கூடாது, மீறினால் மெமோ என்று. அதற்குப் பிறகு என் லாக்கருக்கு மவுசு கூடிவிட்டது, கேன்டீனில் பூமிகா முன்னாலேயே அதைச் சொல்லிக் கேலி செய்வார்கள். பிப்ரவரியில் பெங்களூர்க்காரர்கள் வருவதற்கு முதல் நாள் புதன்கிழமை, ஏரியாவில் மாதாந்திர மின்தடை, பிளான்ட் நின்றுவிட்டது. பரசுராமன் காலையிலேயே வந்து, ஜெயராஜண்ணா, நாளிக்கு பெரிய விசிட்டு, எந்த மிஷினும் கத்திக்கினு இருக்கக் கூடாது, ஒரு ரவுண்டு பாத்துடுண்ணா என்று சொல்லிவிட்டுப் போனார். விசிட் என்றால் தரையைக் கழுவுவோம், ரெய்லிங்குக்குப் பெயின்ட் அடிப்போம், சத்தம் போடும் மிஷினை அடக்குவோம், அது எங்களுக்குக் கை தானாகச் செய்யும் வேலை. உலைக்குக் காற்று தள்ளும் மூன்றாம் நம்பர் புளோவரின் மோட்டார் இரண்டு நாளாக மெல்ல முனகிக்கொண்டிருந்தது என் காதுக்குக் கேட்டிருந்தது. லாக்கரில் அதே சைஸ் பேரிங் இருந்தது. தனியாகவே புல்லியைக் கழற்றி, மூடியைக் கழற்றி, பழைய பேரிங்கை இழுத்துப் புதியதைப் போட்டேன். சாயந்திரம் கரன்ட் வந்து ஓட்டியபோது மோட்டார் அவ்வளவு அமைதியாக ஓடியது. அந்த டப்பாவைக்கூடப் பத்திரமாக எடுத்து வைத்திருந்து, அதே இடத்தில் மறுபடி ஒட்டினேன். ரிஜிஸ்டரில் எழுதவில்லை. எழுதினால் பேரிங் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள்.

மறுநாள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். மேனேஜர், பெங்களூரிலிருந்து வந்த மூன்று பேர், பூமிகா, அவளுடைய ஆட்கள் இரண்டு பேர். பரசுராமன் கவரைப் பிரித்துச் சத்தமாகப் படித்தார். மூன்றாம் நம்பர் புளோவர், டிரைவ் பக்கத்து பேரிங், வெளி வளையத்தில் அடி, பத்து நாளுக்குள் போய்விடும். பரசுராமன் என்னைத் திரும்பிப் பார்த்து, நீயே கழட்டுண்ணா என்றார். என் கையாலேயே கழற்றினேன் பிரின்சி. நாற்பது நிமிஷம் ஆனது, நாற்பது நிமிஷமும் வாயைத் திறக்க நேரம் இருந்தது. மூடியை எடுத்ததும் உள்ளே பேரிங் கண்ணாடி மாதிரி இருந்தது. பெங்களூர்க்காரர் குனிந்து பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார், இரண்டு பேரும் சிரித்தார்கள். பூமிகா சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை, நேத்து இதுல எதுனா மாத்தினாங்களா சார் என்று மட்டும் பரசுராமனிடம் கேட்டாள். பரசுராமன் ரிஜிஸ்டரைப் பார்த்தார், ஸ்டோருக்குப் போன் போட்டார், எதிலும் இல்லை. பிறகு என்னைப் பார்த்து, இன்னாண்ணா, எதுனா மாத்தினியா என்று கேட்டார். நான் இல்லை என்றேன். புது கிரீஸின் நிறம் தெரியாத ஆள் இல்லை பரசுராமன், ஆனால் அவருக்கும் பக்கத்தில் மேனேஜர் நிற்கிறார். அந்தப் பெண் ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தாள், சரிங்க சார் என்று சொல்லி லேப்டாப்பை மூடிக்கொண்டாள். பெங்களூர்க்காரர்கள் சாப்பாட்டுக்குக்கூட நிற்கவில்லை.

நான் ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன். பயம். நான்கு மாதத்தில் ரிட்டயர், இந்த நேரத்தில் மெமோ வந்தால் விசாரணை, விசாரணை முடியும் வரை செட்டில்மென்டை நிறுத்தி வைப்பார்கள். முப்பத்தோரு வருஷம் நல்ல பெயர் எடுத்தவன் கடைசியில் லாக்கரில் சாமான் பதுக்கியவன் என்று வெளியே போக வேண்டும். அதைப் போய் நான் பெரிதாக நினைத்தேன். அவளுக்கு வேறு யாராவது பணம் போடுவார்கள், படித்த பெண், நிலம் உள்ள குடும்பம், அவளுக்கு என்ன குறை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மே மாதக் கடைசியில் மாலை போட்டு, கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். அந்த போட்டோவை உனக்கு அனுப்பினேனே, நீகூட நைனா ஏன் உம்முன்னு இருக்கிறாய் என்று கேட்டாய்.

ஆனால் மார்ச்சிலிருந்து மார்க்கெட் படுத்துவிட்டது. இதெல்லாம் எனக்குப் பேப்பரில் படித்துத்தான் தெரியும், உனக்கு அங்கே பட்டே தெரியும். புதுக் கம்பெனிகளுக்குப் பணம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் கையை இழுத்துக்கொண்டார்கள். ஜூலையில் ஒரு நாள் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் மோனிகா என்ற பெண்ணைப் பார்த்தேன், பூமிகாவின் ஆட்களில் ஒருத்தி, அன்றைக்கு புளோவர் பக்கத்தில் நின்றவள். என்னம்மா இந்தப் பக்கம் என்றேன். வேலை போயிடுச்சி அங்கிள், எங்கள்ல ரெண்டு பேரை நிறுத்திட்டாங்க, அக்கா பாவம் அழுதுகினேதான் சொன்னாங்க, இப்போ மொபைல் கடைல பில்லு போடறேன் என்றாள். அதோடு விட்டிருந்தால் நான் வீட்டுக்கு வந்து காபி குடித்திருப்பேன். அவள் ஒன்றும் அறியாமல், அந்தப் புளோவர் கணக்கு மட்டும் அன்னிக்கு கரெக்டா இருந்திருந்தா நாங்க எங்கியோ போயிருப்போம் அங்கிள், எங்க தப்பு இன்னான்னே இன்னும் தெரில என்று சொன்னாள். டிரெயின் வந்தது, அவள் ஏறிப் போனாள். நான் ஏறவில்லை. அடுத்த டிரெயினிலும் ஏறவில்லை.

அதற்குப் பிறகும் ஒரு மாதம் ஆயிற்று எனக்குத் தைரியம் வர. ஆகஸ்டு கடைசியில் அந்தப் பழைய பேரிங்கைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு அவளுடைய ஷெட்டுக்குப் போனேன். அதை நான் தூக்கிப் போடாமல் வைத்திருந்தேன், ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அதற்கு முன்பே கிரைண்டரால் அறுத்துப் பார்த்துவிட்டேன், வெளி வளையத்தில் அரிசி அளவு பெயர்ந்திருந்தது, கவரில் அவள் எழுதியிருந்த அதே இடம். என் காதுக்கு இரண்டு நாள் முன்னால் கேட்ட சத்தத்தை அந்த டப்பா பன்னிரண்டு நாள் முன்னால் கேட்டிருக்கிறது, அந்தக் கணக்கு பிறகு அவள் சொல்லித் தெரிந்தது. மேஜை மேல் அதை வைத்து நடந்ததைச் சொன்னேன். திட்டுவாள், அழுவாள், வெளியே போ என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் லேப்டாப்பைத் திருப்பி ஒரு படத்தைக் காட்டினாள். ஆறு வாரம் மூன்றாம் நம்பர் மோட்டார் நடுங்கிய கோடு அது, நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகிறது, புதன்கிழமை காலை கரன்ட் போனதும் நிற்கிறது, சாயந்திரம் ஓட ஆரம்பிக்கும்போது தரையோடு தரையாகக் கிடக்கிறது. எனக்கு அன்னிக்கே தெரியும் அங்கிள் என்றாள்.

அவளே சொன்னாள். ஸ்டோர்ல பேரிங் போகல, புக்லயும் இல்ல, அப்போ யாரோ சொந்த ஸ்பேர் போட்டிருக்காங்க, அந்த பிளான்ட்ல அப்படிச் செய்யறவரு யாருன்னு எனக்குத் தெரியாதா அங்கிள், இந்தக் கோட்டைக் காட்டியிருந்தா பெங்களூர்க்காரர் நம்பியிருப்பாரு, ஆனா அந்தக் கோடு நேரா உங்ககிட்ட வந்துதான் நிக்கும், உங்களுக்கு நாலு மாசம்தான் இருந்திச்சி என்றாள். என்னைக் காப்பாற்றினாய் அம்மா என்று நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், அவள் கையை ஆட்டி நிறுத்தினாள். அப்படியெல்லாம் பெரிசா நெனச்சிக்காதீங்க அங்கிள், வேற ஆளு கெடைப்பாங்கன்னு நெனச்சித்தான் விட்டேன், மார்க்கெட் இப்படி விழும்னு தெரிஞ்சிருந்தா காட்டியிருப்பேனோ என்னவோ, மோனிகா வேலைய விட்டுப் போன அன்னிக்கு உங்களைத் திட்டிக்கினேதான் இருந்தேன் என்றாள். அந்தப் பேச்சு எனக்கு நெஞ்சில் நேராக இறங்கியது. நல்லவள் போல் நடித்திருந்தால் நான் அத்தோடு எழுந்து வந்திருப்பேன்.

பணம் போடுகிறேன் என்று நான்தான் கேட்டேன். அவள் வேண்டாம் என்றாள். மூன்று தடவை போய்க் கேட்டேன், மூன்றாவது தடவைதான் உட்கார வைத்து விளக்கினாள். இது சீட்டு இல்ல அங்கிள், மாசா மாசம் எதுவும் வராது, கம்பெனி எழுந்தா பங்குக்கு மதிப்பு, எழலைன்னா போட்டது முழுசா போயிடும், திருப்பிக் கேக்க முடியாது என்று சொல்லி, கையில் இருக்கும் பணம் ஜனவரி வரைக்கும்தான் வரும் என்பதையும், ஏப்ரலிலிருந்து அவள் சம்பளம் எடுக்கவில்லை என்பதையும் மறைக்காமல் காட்டினாள். உங்க பொண்ணு இதுல அடிபட்டவங்க, அவங்க எல்லாம் தெரிஞ்சி கையெழுத்து போட்டாத்தான் நான் வாங்குவேன் என்று கடைசியாக ஒரு கண்டிஷன் போட்டாள். அதனால்தான் இந்தக் கடிதமே. இல்லாவிட்டால் உன் நைனா ஏதாவது பொய்யைச் சொல்லிக் கையெழுத்து வாங்கியிருப்பான், அந்த அளவுக்கு எனக்கு என் மேலேயே இப்போது நம்பிக்கை இல்லை.

உன் அம்மாவிடம் சொன்னபோது முதலில் வாயைப் பிளந்தாள், பிறகு, ஏன்யா, சாமியார்கிட்ட போயி பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கினு வந்திருந்தா ஒரு பைசா செலவில்லாம முடிஞ்சிருக்குமே, இதுக்கு நாலு லட்சமா என்று கேட்டாள். சிரித்துவிட்டேன். பிறகு அவளே கோபமாக, நெலம் வச்சினு இருக்கறவங்களுக்கு நாம குடுக்கறதா, உங்க அப்பா அந்த மாதிரி வயல்லதான கூலிக்கு நாத்து நட்டாரு என்றாள். அவள் சொல்வதும் உண்மைதான். பூமிகாவின் அப்பா ஒரு சென்ட் நிலம்கூட இதற்காக விற்கமாட்டேன், கல்யாணம் பண்ணிக்கொள் என்று சொல்லிவிட்டாராம், அதையும் அம்மாவிடம் சொன்னேன். கடைசியில், எம் பொண்ணு இன்னா சொல்றாளோ அதான் என்று முடித்துவிட்டுத் துணி துவைக்கப் போய்விட்டாள்.

பாவத்துக்குப் பரிகாரம் என்று மட்டும் இதை நினைக்காதே, அப்படியானால் அந்தப் பணத்தைக் கோயில் உண்டியலிலேயே போட்டிருப்பேன். மோட்டாரைத் தவிர எனக்கு உலகத்தில் வேறு ஒன்றும் தெரியாது, அது தெரியும். இப்போது எந்தக் கம்பெனியும் புது மோட்டார் வாங்கப் போவதில்லை, இருக்கிறதை வைத்துத்தான் ஓட்டியாக வேண்டும், ஓட்டுகிறவனுக்கு எது எப்போது போகும் என்று தெரிந்தாக வேண்டும். வியாபாரம் நன்றாக இருந்த காலத்தில் இதை விளையாட்டுச் சாமான் என்றவர்கள் இப்போது கூப்பிடுகிறார்கள், கடம்பத்தூர்ப் பக்கம் ஒரு ரைஸ் மில்காரர் போன வாரம் ஆறு டப்பா வாங்கிப் போட்டிருக்கிறார். பிப்ரவரியில் இருந்த விலையில் மூன்றில் ஒன்றுதான் இன்று பங்கின் விலை. இதெல்லாம் நடந்துவிடும் என்று நான் சொல்லவில்லை, நடக்காமலும் போகலாம், நான்கு லட்சமும் காற்றில் போகலாம். மிச்சப் பாதியை எந்தக் காரணத்துக்கும் தொடமாட்டேன், அது உனக்குத்தான், நீ திரும்பி வந்தாலும் வராவிட்டாலும்.

இன்னும் ஒன்று எழுதாவிட்டால் இவ்வளவு எழுதியதும் பொய்யாகிவிடும். அந்த வியாழக்கிழமைக்கு மூன்று வாரம் கழித்து உன் போன் வந்தது ஞாபகம் இருக்கிறதா. வேலை போய்விட்டது என்று அழுதாய். கடைசி நாள் வரிக்கும் எல்லாரும் சிரிச்சினு இருந்தாங்க நைனா, ஒருத்தர்கூட வாயைத் தொறந்து உண்மையச் சொல்லல என்றாய். நான் அவர்களைக் கண்டபடி திட்டினேன், அவங்கள்லாம் நல்லா இருப்பாங்களா, வெளங்குவாங்களா என்று சபித்தேன், உன் அம்மா வாயைப் பொத்தினாள். திட்டும்போதே எனக்குத் தெரியும் நான் யாரைத் திட்டுகிறேன் என்று. உன் வயதுப் பெண்கள் இரண்டு பேர் இங்கே வேலையில்லாமல் நின்றதற்கு ஒரு ஆள் காரணம், அவன் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு நின்றவன். உனக்கு அந்த ஊரில் யாரோ செய்ததை இந்த ஊரில் நான் செய்தேன். இதை உன்னிடம் சொல்லாமல் உன்னை மகளே என்று கூப்பிட எனக்கு இந்த ஏழு மாதமும் கூச்சமாக இருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் போனில் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேனே, அதற்குக் காரணம் இதுதான்.

கையெழுத்துப் போடுவதும் போடாமல் திருப்பி அனுப்புவதும் உன் இஷ்டம். வெறும் ஃபாரமாக வந்தால் நீ நல்லதுக்குத்தான் செய்தாய் என்று எடுத்துக்கொள்வேன், ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டேன், பூமிகாவிடமும் நானே போய்ச் சொல்லிக்கொள்கிறேன். அவசரப்பட்டுப் போனில் பதில் சொல்லாதே, இரண்டு நாள் வைத்திருந்து யோசி. இந்த மாதம் எங்களுக்குப் பணம் அனுப்ப வேண்டாம், அதில் நல்ல ஷூ ஒன்று வாங்கிக்கொள், ஈரக் காலோடு நிற்காதே. ராத்திரி ரொட்டியை மட்டும் தின்றுவிட்டுப் படுக்காமல் ஒரு பிடி சோறு வடித்துக்கொள். ஞாயிறு பூசையை விடாதே. நீ எங்கே நின்றாலும் யாருக்கும் தலைகுனியாமல் நிற்க வேண்டும், உடம்பும் மனசும் சோர்ந்துபோகாமல் ஆண்டவர் உன்னைக் கைப்பிடித்து நடத்த வேண்டும் என்று நானும் அம்மாவும் உன் தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கிறோம்.

மறந்துவிடாதே, பேங்கில் இருப்பது நீ பதினெட்டு வயதில் போட்ட கையெழுத்து. இப்போது நீ போடும் கிறுக்கல் செல்லாது, மேனேஜர் திருப்பி அனுப்பிவிடுவார். அன்றைக்கு நீ தமிழில், முதலில் என் பெயரின் ஜெ எழுத்தைப் பெரிதாகப் போட்டு, பக்கத்தில் புள்ளி வைத்து, அதற்குப் பிறகுதான் உன் பெயரை எழுதினாய். இதையெல்லாம் படித்த பிறகும் அந்த எழுத்தை உன் பெயருக்கு முன்னால் எழுத மனம் வந்தால் எழுதம்மா.

உன் நைனா,
ஜெயராஜ்.